வீட்டைப் பதிந்தது, வயலை விட்டது: அக்கில் தீவின் 1838 வரைபடத் தாள் பற்றிய ஆய்வு

அயர்லாந்தின் மேற்குக் கரையில், மேயோ கவுண்டியில் அக்கில் தீவு இருக்கிறது. அதன் வடக்கே ஸ்லீவ்மோர் மலை 671 மீட்டருக்கு எழுந்து நிற்கிறது. மலையின் தெற்குச் சரிவில் கூரையில்லாத கல்வீடுகள், ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு பழைய பாதையை ஒட்டி வரிசையாக நிற்கின்றன. இன்று 80 முதல் 100 வீடுகளின் சுவர்களைப் பார்க்க முடிகிறது. சாந்து பூசாமல் அடுக்கிய கல். பெரும்பாலும் ஒற்றை அறை. சில வீடுகளின் உட்சுவரில் மாடு கட்டும் கல்வளையங்கள் இன்னும் இருக்கின்றன. யாரும் குடியில்லை.

பிரிட்டிஷ் அரசின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வே 1838-இல் மேயோ கவுண்டிக்கு வரைந்த தாள்களில் இதே இடம் உயிருள்ள ஊராக இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் மூன்று கொத்துகளாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்து உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தது. ஆகவே "பஞ்சத்துக்கு முன், பஞ்சத்துக்குப் பின்" என்று இரண்டு தாள்களை அருகருகே வைத்து, ஊர் பஞ்சத்தால் அழிந்தது என்று முடித்துவிடுவது எளிது. பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அந்த முடிவில் பாதிதான் உடன்பாடு. 1838 தாளை யார், எதற்காக வரைந்தார்கள், எதை வரைய வேண்டாம் என்று விட்டார்கள் என்பதைப் பார்க்காமல் அந்தத் தாளைச் சாட்சிக்கூண்டில் ஏற்றக்கூடாது.

தாள் பிறந்த கதை

தொடக்கம் வரி. அயர்லாந்தில் நிலத்தின் மிகச் சிறிய நிர்வாக அலகு டவுன்லேண்டு. பெயரில் 'டவுன்' இருந்தாலும் நகரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. சில நூறு ஏக்கர் அளவுள்ள ஒரு நிலப்பகுதி, அவ்வளவுதான். நாடு முழுக்க 60,000-க்கும் மேல் இருந்தன. சாலை, பாலம், சிறைச்சாலைச் செலவுக்காக வசூலிக்கப்பட்ட கவுண்டி வரி இந்த அலகுகளின் மீதுதான் பிரித்து விதிக்கப்பட்டது. ஆனால் ஒவ்வொன்றின் பரப்பும் பழங்காலக் கணக்கு. ஒரே அளவுள்ள இரண்டு டவுன்லேண்டுகளில் ஒன்று மற்றதைப் போல் இரண்டு மடங்கு வரி கட்டும் நிலை இருந்தது.

இதைச் சரிசெய்ய 1824-இல் தாமஸ் ஸ்பிரிங் ரைஸ் தலைமையில் நாடாளுமன்றக் குழு ஒன்று அமைந்தது. அது பரிந்துரைத்த அளவுகோல் ஒரு மைலுக்கு ஆறு அங்குலம், அதாவது 1:10,560. ஒரு முழு நாட்டை இவ்வளவு பெரிய அளவுகோலில் வரைவது அன்றைக்குப் பெரிய துணிச்சல். பொறுப்பு ஆர்ட்னன்ஸ் சர்வேயின் தலைவர் தாமஸ் கோல்பியிடம் போனது. டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் இருந்த மவுண்ட்ஜாய் மாளிகை தலைமையிடமானது. அங்கே அன்றாட வேலையை நடத்தியவர் தாமஸ் லார்கம். டவுன்லேண்டு எல்லைகளை நடந்து காட்டும் வேலை 1825 முதல் ரிச்சர்ட் கிரிஃபித்திடம் இருந்தது. பின்னாளில் நாடு முழுவதற்குமான நில மதிப்பீட்டை நடத்தியவரும் இவர்தான். அந்த மதிப்பீடு இன்றும் 'கிரிஃபித் மதிப்பீடு' என்ற பெயரிலேயே வழங்குகிறது.

அளவையின் துல்லியத்தில் குறை சொல்ல முடியாது. 1827-28-இல் லோக் ஃபாயில் கழிமுகத்தின் கரையில் ஏறத்தாழ எட்டு மைல் நீளத்துக்கு அடிக்கோடு, அதாவது மற்றத் தூரங்களைக் கணக்கிட ஆதாரமான நேர்கோடு, அளந்தார்கள். வெப்பத்தில் உலோகம் நீண்டு சுருங்கி அளவைக் கெடுக்காதபடி, பித்தளையும் இரும்பும் இணைந்த ஈடுசெய் கோல்களைக் கோல்பி வடிவமைத்தார். 1829-இல், இந்திய நில அளவையை நடத்திவந்து அப்போது விடுப்பில் இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட் அயர்லாந்துக்கு வந்து இந்த வேலையை நேரில் பார்த்தார். அதே வகைக் கோல்கள் பிறகு இந்தியாவுக்கு வந்து, கல்கத்தா அடிக்கோட்டை அளக்கப் பயன்பட்டன. மூடுபனி நாட்டில் தொலைதூர மலையுச்சிகளை எப்படிப் பார்ப்பது என்ற கேள்விக்கு சர்வே அதிகாரி தாமஸ் டிரம்மண்ட் பதில் கண்டார்: சுண்ணாம்பைக் கடும் வெப்பச் சுடரில் ஒளிரவைக்கும் விளக்கு. 1825-இல் டொனகல் பக்கத்து ஸ்லீவ் ஸ்னாக்ட் உச்சியில் ஏற்றிய அந்த வெளிச்சம், 60 மைலுக்கு அப்பால் பெல்ஃபாஸ்ட் அருகே டிவிஸ் மலையில் நின்றவர்களுக்குத் தெரிந்தது.

முதல் கவுண்டியான லண்டன்டெரியின் தாள்கள் 1833-இல் வெளிவந்தன. கடைசியாக கெர்ரி, 1846-இல். பஞ்சம் தொடங்கிய பிறகு கடைசித் தாள்கள் அச்சாகிக்கொண்டிருந்தன என்பது கவனிக்க வேண்டிய தற்செயல். மேயோ இந்த வரிசையில் நடுவில் வருகிறது.

தாளில் இருப்பது

ஒரு முழுத் தாள் 36 அங்குல அகலம், 24 அங்குல உயரம். தரையில் அது 24 சதுர மைல். செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டது. இன்றைய நிலப்படம் பார்த்துப் பழகியவர் முதலில் தேடுவது சமஉயரக் கோடுகளை. முதல் பதிப்பில் அவை கிடையாது. உயரங்கள் அங்கங்கே எண்களாக, அடிக்கணக்கில் மட்டும் இருக்கின்றன. சரிவு எவ்வளவு செங்குத்து என்பதை ஓடையின் போக்கையும் பாதை வளையும் இடத்தையும் வைத்து நாமேதான் ஊகிக்க வேண்டும். ஸ்லீவ்மோர் போன்ற இடத்தில் இது சின்னக் குறை இல்லை. வீடுகள் ஏன் அந்த ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கின்றன என்பதற்கு விடை சரிவில்தான் இருக்கிறது: மேலே பாறையும் புல்லும், கீழே சதுப்பு, இடையில் ஓடும் ஒரு பட்டை நிலம் மட்டுமே பயிருக்கும் குடியிருப்புக்கும் ஆகும்.

கட்டடங்கள் கறுப்புக் கட்டங்களாக இருக்கின்றன. பத்து மீட்டர் நீளமுள்ள வீடு இந்த அளவுகோலில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வீடா, மாட்டுக்கொட்டகையா, தானியக் கிடங்கா என்பதைத் தாள் பிரித்துச் சொல்வதில்லை. ஆகையால் நூற்றுச் சொச்சம் கட்டங்களை எண்ணி, அதை ஐந்தால் பெருக்கி ஊரின் மக்கள்தொகை இவ்வளவு என்று எழுதுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கணக்குப் போடுவதுதான். கட்டடங்களின் எண்ணிக்கை மேல்வரம்பைத்தான் தரும்.

நம்பத்தக்கவை எவை? அமைவிடம், பாதை, ஓடை, டவுன்லேண்டு எல்லை, கட்டடக் கொத்துகளின் வடிவம். கொத்தின் வடிவம்தான் இந்தத் தாளின் பெரிய பரிசு. தெரு இல்லை, சதுக்கம் இல்லை, தேவாலயத்தைச் சுற்றி வளர்ந்த ஊர் இல்லை. நெருங்கி நெருங்கி, ஒழுங்கற்ற இடைவெளியில் வீடுகள். இப்படிப்பட்ட குடியிருப்புக் கொத்தை அயர்லாந்து வரலாற்று நிலவியலாளர்கள் க்ளாகன் என்பார்கள். இதற்கு நேர் எதிரான ஒன்று அதே மலையடிவாரத்தின் மற்றொரு பக்கம் இருந்தது. டூகர்ட் என்னுமிடத்தில் எட்வர்ட் நாங்கிள் என்ற புராட்டஸ்டண்ட் மதகுரு 1834-இல் நிறுவிய மிஷன் குடியிருப்பு அது. நேர்வரிசை வீடுகள், கற்பலகைக் கூரை. அளவையாளர்கள் வந்தபோது அதற்கு நான்கு வயது. ஒரே மலையின் இரு பக்கங்களில் நிலத்தைப் பற்றிய இரண்டு எண்ணங்கள் ஒன்றையொன்று பார்க்காமல் நின்றன.

தாளில் இல்லாதது

இந்தத் தாளில் எனக்கு மிக முக்கியமானதாகப் படுவது, கட்டடங்களைச் சுற்றியுள்ள வெற்றிடம்.

பல நூறு பேர் வாழ்ந்த விவசாய ஊர். சுற்றிலும் வயல் இல்லாமல் இருக்க முடியாது. இன்று அதே சரிவில் சாய்வெயில் நேரத்தில் எடுக்கப்பட்ட படங்களைப் பார்த்தால், வீடுகளுக்கு மேலும் கீழும் வரிவரியாக மேட்டுப்பாத்திகள் புல்லுக்கடியில் புடைத்துத் தெரிகின்றன. மண்ணை இருபுறமிருந்தும் வெட்டிப் புரட்டி நடுவில் உயர்த்தி, கடற்பாசியும் சாணமும் உரமிட்டு உருளைக்கிழங்கு வைத்த பாத்திகள். ஆனால் ஆறு அங்குலத் தாள்களில் இத்தகைய ஊர்களைச் சுற்றி உட்கோடுகள் மிகச் சொற்பம்.

காரணம் அங்கே நடந்த வேளாண் முறை. ரண்டேல் என்று பெயர். ஒரு குழு சேர்ந்து கூட்டாகக் குத்தகை எடுக்கும். ஊரை ஒட்டிய நல்ல நிலத்தை மண்ணின் தரத்துக்கு ஏற்பத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் நல்லதில் ஒரு துண்டு, நடுத்தரத்தில் ஒன்று, ஈரநிலத்தில் ஒன்று என்று பங்கிடுவார்கள். ஒருவருக்கு இருக்கும் நிலம் பல இடங்களில் சிதறிக் கிடக்கும். சில ஊர்களில் குறிப்பிட்ட ஆண்டுக்கு ஒருமுறை பங்குகள் மாறும். துண்டுக்கும் துண்டுக்கும் இடையே சுவரோ வேலியோ கிடையாது. உழாமல் விட்ட ஒரு புல்வரப்புதான். அறுவடை முடிந்ததும் எல்லா மாடுகளும் எல்லா நிலத்திலும் மேயும். மலை மேய்ச்சல் பொது. ஆனால் அதிலும் கணக்கு உண்டு: ஒரு பசு மேய்வதற்கான உரிமை ஒரு பங்கு, ஆடுகளுக்கு அதில் ஒரு பகுதி என்று ஊரே நிர்ணயித்தது.

அளவையாளரின் கண்ணில் இதெல்லாம் எல்லையே இல்லை. அவர் தேடியது நிலையான வேலி, சுவர், வாய்க்கால். ஆண்டுக்காண்டு மாறக்கூடிய புல்வரப்பைச் செப்புத்தகட்டில் செதுக்குவதில் அவருக்குப் பயன் எதுவும் இல்லை. வேலிகளை வரைவதா வேண்டாமா என்பதிலேயே தொடக்கத்தில் தெளிவில்லை. வடக்குக் கவுண்டிகளின் ஆரம்பத் தாள்களில் வயல் வேலிகள் முழுமையாக இல்லை, பிறகுதான் அவை முறையாகச் சேர்ந்தன. அப்படிச் சேர்ந்த பிறகும் ரண்டேல் நிலம் வெறுமையாகவே நின்றது, ஏனெனில் அதில் சேர்ப்பதற்கு வேலியே இல்லை.

இதன் விளைவு ஆபத்தானது. வேலி கட்டிய பண்ணை தாளில் 'விவசாயமாக' தெரிகிறது. வேலியில்லாத ஊர் தாளில் தரிசுக்கு நடுவே குவிந்த குடிசைகளாகத் தெரிகிறது. அன்றைய நிலவுடைமையாளர்களும் சீர்திருத்தக்காரர்களும் ரண்டேலை ஒழுங்கீனம், சோம்பல், சண்டைக்கு வித்து என்று எழுதித் தள்ளியவர்கள். தாள் அவர்களுக்கு எதிராக எதுவும் சொல்லவில்லை. அளவையாளர்கள் வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. வரி விதிக்கப் பரப்பு வேண்டும், பரப்புக்கு எல்லை வேண்டும், எல்லை நிலையாக இருக்க வேண்டும். இந்தத் தர்க்கத்துக்குள் ரண்டேல் நுழையவே வழியில்லை. அளவை எவ்வளவு துல்லியமோ அவ்வளவு துல்லியமாக இந்த வெற்றிடமும் வரையப்பட்டிருக்கிறது.

இன்னொன்றும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ரண்டேல் காலங்காலமாக மாறாமல் வந்த முறை என்று ஒரு தரப்பு நெடுங்காலம் நம்பியது. 18-ஆம் நூற்றாண்டில் மக்கள்தொகை பெருகி, உருளைக்கிழங்கு இல்லையென்றால் எதுவும் விளையாத மேற்கத்திய மலைச்சரிவுகளுக்குக் குடியேற்றம் ஏறியபோது பரவிய முறை அது என்று இன்னொரு தரப்பு பிறகு வாதிட்டது. ஸ்லீவ்மோர் விஷயத்தில் இரண்டுமே கொஞ்சம் பொருந்துகின்றன. அந்தச் சரிவில் இடைக்காலக் குடியிருப்பின் தடயமும், அதற்கு மிக முந்தைய பெருங்கற்காலக் கல்லறைகளும் இருக்கின்றன. ஆனால் 1838-இல் தெரியும் அந்த நெருக்கம் உருளைக்கிழங்கு இல்லாமல் சாத்தியமில்லை. ஆகவே இந்தத் தாளைத் தொன்மையான ஊரின் படம் என்று சொல்வதைவிட, உச்சத்தைத் தொட்ட ஓர் ஊரின் படம் என்று சொல்வதே சரி.

பஞ்சம்தான் காரணமா

1845 இலையுதிர் காலத்தில் பின்பருவக் கருகல் நோய் வந்தது. 1846-இல் பயிர் ஏறத்தாழ முழுதாக அழிந்தது. 1847-இல் நோய் குறைந்தாலும் விதைக்கக் கிழங்கு இல்லாததால் பயிரிட்ட பரப்பே சுருங்கியிருந்தது. 1848-இல் மறுபடியும் அழிவு. நாடெங்கும் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். மேயோ கவுண்டியின் மக்கள்தொகை 1841 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 3,89,000. 1851-இல் அது சுமார் 2,75,000. பத்தாண்டில் பத்துப் பேரில் மூவர் இல்லை. வீடுகளின் கணக்கு இன்னும் கூர்மையானது. கணக்கெடுப்பு வீடுகளை நான்கு தரமாகப் பிரித்தது. கடைசித் தரம் ஒற்றை அறை மண்குடிசை. அயர்லாந்து முழுவதும் அத்தகைய குடிசைகள் 1841-இல் 4,91,000 இருந்தன. 1851-இல் 1,36,000 மட்டுமே.

ஆனால் ஓர் ஊர் காலியாவதற்குப் பசி மட்டும் போதாது. சட்டமும் வேலை செய்தது. 1843-இல் வந்த திருத்தத்தின்படி, ஆண்டு மதிப்பு நான்கு பவுண்டுக்குள் இருக்கும் குத்தகை நிலங்களுக்கான ஏழைகள் நல வரியை நிலவுடைமையாளரே கட்ட வேண்டும். மேற்கில் பெரும்பாலான குத்தகைகள் அந்த வரம்புக்குள்தான். பஞ்சத்தில் வரி ஏறியது, வாடகை வரவில்லை. குடியானவரை வெளியேற்றிக் குடிசையை இடித்தால் வரிச்சுமை குறையும். 1847-இல் சேர்ந்த இன்னொரு விதி, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு அரசு நிவாரணம் இல்லை என்றது. நிலத்தை விட்டால் கஞ்சி, விடாவிட்டால் பட்டினி.

இங்கே ஒரு கவர்ச்சியான கதை காத்திருக்கிறது: வரைபடம் வந்தது, வரைபடத்தை வைத்து மதிப்பிட்டார்கள், மதிப்பீட்டை வைத்து வெளியேற்றினார்கள் என்று. இதை நம்பத் தோன்றும்; ஆனால் சங்கிலியின் நடுக்கண்ணி பலவீனமானது. பஞ்ச காலத்தில் ஏழைகள் நல வரிக்கு அடிப்படையாக இருந்தது கிரிஃபித்தின் மதிப்பீடு அல்ல. 1838 ஏழைகள் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு வட்டாரமும் தானே ஆள் வைத்துச் செய்த தனி மதிப்பீடு. அது தரத்தில் சமமில்லாதது என்று அன்றே விமர்சிக்கப்பட்டது. கிரிஃபித்தின் குத்தகைவாரி மதிப்பீடு மேயோவுக்கு வந்தபோது 1850-களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. அதற்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருந்தது. வரைபடத்தைக் குற்றவாளியாக்க முடியாது. மறைமுகப் பங்கு ஒன்று உண்டு, அது வேறு வகை: எந்த நிலத்தை எந்தக் கண்ணால் பார்ப்பது என்று கற்றுக்கொடுத்தது.

அக்கிலில் நிலவுடைமையும் கைமாறியது. தீவு நெடுங்காலம் ஓ'டோனல் குடும்பத்தின் சொத்து. கடனில் மூழ்கிய நிலச் சொத்துகளை விரைவாக விற்க 1849-இல் சட்டம் வந்தது. 1850-களின் தொடக்கத்தில் தீவின் பெரும்பகுதியை நாங்கிளின் மிஷனே வாங்கியது. உழவைவிட மேய்ச்சலுக்கு விலை கிடைத்த காலம் அது. 1854-இல் அக்கிலுக்கு வந்து நிலம் எடுத்த சார்ல்ஸ் பாய்காட்டும் மேய்ச்சல் விவசாயிதான். 1880-இல் மேயோவின் வேறொரு பகுதியில் குடியானவர்கள் ஒன்றுசேர்ந்து புறக்கணித்ததால் உலக மொழிகளில் பெயர் பதிந்த அதே மனிதர்.

மூன்றாவது காரணத்தை வரைபடத் தாளே ஓரளவு காட்டுகிறது. ஸ்லீவ்மோரிலிருந்து கடல் தெரியும், ஆனால் கரை தூரம். மேற்கே கடலோரத்தில் டூவா என்ற ஊர் இருக்கிறது. கிழங்கு பொய்த்த பிறகு மீனும் கடற்பாசியும் உயிர் காத்தன என்பதால் மக்கள் டூவாவுக்கு நகர்ந்தார்கள் என்பது தீவில் வழிவழியாகச் சொல்லப்படுவது. பிந்தைய தாள்களில் டூவா பெரிதாகியிருப்பது இதோடு ஒத்துப்போகிறது. அதாவது ஸ்லீவ்மோரின் காலியான வீடுகள் எல்லாம் சாவைக் குறிப்பதில்லை. சில வீடுகள் இடப்பெயர்ச்சியைக் குறிக்கின்றன. வரைபடத்தில் இரண்டும் ஒரே மாதிரி.

இரண்டாவது தாளும் கோடைக்கால ஊரும்

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆர்ட்னன்ஸ் சர்வே அயர்லாந்தின் விவசாய நிலத்தை 1:2,500 அளவுகோலில் மறுபடி அளந்தது. இதில் கூரையுள்ள கட்டடமும் கூரையில்லாததும் வேறுபடுத்திக் காட்டப்படுகின்றன: கூரையிருந்தால் உள்ளே கோடிட்டு நிரப்புவார்கள், இல்லையென்றால் வெறும் சுற்றுக்கோடு. பாழடைந்த ஊரைப் படிக்க இதைவிட நல்ல கருவி இல்லை.

ஆனால் ஸ்லீவ்மோரில் இந்தக் கருவியும் சற்றே தடுமாறும். ஊர் நிரந்தரக் குடியிருப்பாக இருப்பது நின்ற பிறகும், டூவாவிலிருந்து மக்கள் கோடையில் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேலே வந்து, பழைய வீடுகளில் சிலவற்றுக்குக் கூரை போட்டுத் தங்கினார்கள். பாலும் வெண்ணெயும் எடுத்து, இலையுதிர் காலத்தில் இறங்கிப் போவார்கள். இந்தக் கோடைத் தங்கலுக்குப் பூலி என்று பெயர்; அயர்லாந்தின் மற்ற இடங்களில் இது மறைந்த பிறகும் அக்கிலில் 20-ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. எனவே பிந்தைய தாளில் கூரையோடு காணும் வீடு குடும்பம் வாழ்ந்த வீடாக இருக்கலாம்; சில மாதங்கள் மட்டும் மாடு மேய்ப்பவர் படுத்த வீடாகவும் இருக்கலாம். அளவையாளர் வந்தது எந்த மாதம் என்பது கூட விடையை மாற்றக்கூடும். 1838 தாளுக்கும் இதே சந்தேகம் பொருந்தும். மூன்று கொத்துகளில் ஏதேனும் ஒன்றின் ஒரு பகுதி அப்போதே பருவகாலத் தங்கலாக இருந்திருக்க முடியும். 1991-இல் தொடங்கிய தொல்லியல் களப்பள்ளி அங்கே சில வீடுகளைத் தோண்டிப் பார்த்தது இந்த வகைக் கேள்விகளுக்காகத்தான்.

இதே மேயோ கவுண்டியில், அக்கிலுக்குத் தெற்கே உள்ள கிளேர் தீவோடு ஒப்பிட்டால் ஒன்று தெளிவாகும். அந்தத் தீவை 1895-இல், மேற்கின் ஏழ்மையான பகுதிகளுக்கான அரசு அமைப்பான நெருக்கடி மாவட்டங்கள் வாரியம் வாங்கி, ரண்டேலைக் கலைத்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் பட்டை நிலம் பிரித்துக்கொடுத்தது. பயிர்நிலத்தையும் மலை மேய்ச்சலையும் பிரித்து நீண்ட சுவர் எழுப்பியது. அங்கே பழைய தாளுக்கும் புதிய தாளுக்கும் இடையிலான மாற்றம் கோடுகளின் வருகை. ஸ்லீவ்மோரில் அது கட்டடங்களின் மறைவு. கோடு வந்த ஊரில் மக்கள் தங்கினார்கள்.

பொருத்திப் பார்ப்பவருக்கு

பழைய தாளை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்த விரும்புவோர் இரண்டு விஷயங்களை மனதில் வைக்க வேண்டும். ஒன்று, இந்தத் தாள்கள் கவுண்டி வாரியாகக் கணக்கிடப்பட்டவை. ஒவ்வொரு கவுண்டிக்கும் தனி மையப்புள்ளி. கவுண்டி எல்லையில் இரண்டு தாள்களை ஒட்டினால் ஒழுங்காகச் சேராது. பழைய காகிதம் ஈரத்திலும் உலர்விலும் சீரற்றுச் சுருங்கியிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டு, நான்கு மூலைகளை மட்டும் நம்பாமல் பாலம், தேவாலயம், பாறைமுனை என்று தாளுக்குள்ளேயே பல புள்ளிகளில் பொருத்த வேண்டும்.

இரண்டு, உயரம். ஆர்ட்னன்ஸ் சர்வே அயர்லாந்து முழுவதற்கும் எடுத்துக்கொண்ட உயர அடிப்படை, டப்ளின் பூல்பெக் கலங்கரை விளக்கத்தில் 1837 ஏப்ரல் 8 அன்று குறித்த தாழ்நீர் மட்டம். இன்றைய அயர்லாந்து பயன்படுத்துவது தீவின் வடகோடி முனையான மாலின் ஹெட்டின் சராசரிக் கடல்மட்டம். இரண்டுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 2.7 மீட்டர். மலையுச்சிக்கு இது ஒன்றுமில்லை. கடலோரச் சதுப்பில் இருக்கும் வயலுக்கு எல்லாமே இதுதான்.

ஸ்லீவ்மோர் பற்றி ஒரு தீர்ப்பு சொல்லத்தான் வேண்டுமென்றால், 1838 தாளை 'வாழ்ந்த ஊர்' என்றும் பிந்தைய தாளை 'செத்த ஊர்' என்றும் எழுதும் பழக்கத்தை விட்டுவிடுவேன். முதல் தாள் கூட்டு உழவை மறைத்துக் கட்டடங்களைக் காட்டியது. இரண்டாவது, கோடைக் குடிகளையும் நிரந்தரக் குடிகளையும் ஒன்றாகக் காட்டியது. ஊர் ஒரே அடியில் விழவில்லை. பஞ்சத்தில் ஒரு பகுதி, நிலம் மேய்ச்சலுக்குப் போனபோது ஒரு பகுதி, கடற்கரைக்கு இறங்கியவர்களோடு ஒரு பகுதி என்று பல ஆண்டுகளில் கழன்றது. எந்த வீடு எதனால் கழன்றது என்பதைப் பிரிக்க வேண்டுமானால், கிரிஃபித் மதிப்பீட்டுப் பட்டியலில் 1850-களின் நடுவில் அங்கே குத்தகைக்காரராகப் பதிந்திருப்பவர்களை அதற்கான மதிப்பீட்டு வரைபடத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, மீதியைக் கொத்துக் கொத்தாக அகழாய்வில் தேட வேண்டும்.